மே 15-க்கு வர வேண்டிய பணம்: கல்வித் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆரம்பப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் பொருளாளர். என் சின்ன மகள் அங்கே கிரேட் 6 படிக்கிறாள். இந்த வருடம் உங்களுக்கு ஆங்கிலத்தில் நான்கு கடிதங்கள் அனுப்பினோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த மடலின் ஆங்கிலப் பிரதியும் உங்கள் மேசைக்கு வரும். தமிழில் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் படித்த நம் ஊர்ப் பெரியவர்களும் படித்து எங்களுக்காகப் பேச வேண்டும் என்பதற்காக.

போன மாதக் கடைசியில் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பள்ளி இரண்டாம் பருவத்துக்கான சா-சாம்ஸ் (பள்ளி நிர்வாக மென்பொருள்) தரவை இரண்டு நாள் தாமதமாக அனுப்பியதாம். எழுத்து மூலம் விளக்கம் வேண்டுமாம். சரி, விளக்கம் இதோ.

ஜூன் இரண்டாவது வாரம் ஒரு ராத்திரியில் பள்ளிக்கு வரும் செம்புக் கம்பியை யாரோ வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். பள்ளி முழுக்க மின்சாரம் இல்லை. மின்வெட்டு குறைந்துவிட்டது என்று நாட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கம்பியே போன இடத்துக்கு அந்த நிம்மதி வந்து சேரவில்லை. புதுக் கம்பி இழுக்கப் பள்ளிக் கணக்கில் பணம் இல்லை.

சா-சாம்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் பெயர், வருகை, மதிப்பெண், ஆசிரியர்களின் விடுப்பு எல்லாம் அந்த ஒரே மென்பொருளில்தான். பருவம் முடிந்தால் மொத்தத் தரவும் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் அது இருப்பது அலுவலகத்தில் உள்ள ஒரே கம்ப்யூட்டரில். அதை ஓட்டுவது எங்கள் ஆஃபீஸ் அக்கா ஒருவர். 870 பிள்ளைகள்.

அக்கா அந்த சிபியு பெட்டியைப் போர்வையில் சுற்றி, என் காரின் பின் ஸீட்டில் வைத்து, குழந்தைக்குப் போடுவது போல ஸீட் பெல்ட் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்தோம். பகலில் அவர் பள்ளி வாசலில் உட்கார்ந்து பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவார். ஜூனில் அந்த நேரத்துக்கே நன்றாக இருட்டிவிடும். ஆசிரியர்கள் பென்சிலால் எழுதித் தந்த மதிப்பெண் தாள்களை என் மகள் வாசிக்க வாசிக்க, அக்கா ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். ஆறு ராத்திரி. ஐந்தாம் ராத்திரி அந்தப் பெட்டி தானாக நின்றுவிட்டது. அது ரொம்பப் பழசு. அன்றைக்குப் பதிந்ததில் பாதி போய்விட்டது. அக்கா அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் முதல் தாளை எடுத்தார். உங்களுக்குத் தெரிந்த அந்த இரண்டு நாள் அங்கேதான் போனது. கடைசியில் தரவை ஏற்றியது அவருடைய போன் ஹாட்ஸ்பாட்டில், டேட்டா வாங்கிய காசும் அவருடையது.

இந்தப் பெண்ணிடம் நீங்கள் விளக்கக் கடிதம் கேட்கிறீர்கள்.

இப்போது நாங்கள் கேட்கிறோம். பள்ளிக்கான அரசு ஒதுக்கீட்டில் பாதி மே 15-க்குள், மீதி நவம்பர் 15-க்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி. மே 15 தாண்டி இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் கணக்கில் ஒரு சென்ட்கூட ஏறவில்லை. அந்தப் பணம் வந்திருந்தால் கம்பி இழுத்திருப்போம், பெட்டியும் என் வீட்டுக்கு வந்திருக்காது. தயவுசெய்து அந்தப் பணத்தை விடுங்கள். முழுதாக விடுங்கள்.

முழுதாக என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கட்டணமில்லாப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தேசிய அளவில் 2024-க்கு வைத்த இலக்கு 1,672 ராண்ட். எங்கள் மாகாணமான குவாசுலு-நேட்டாலில் தந்தது 955 ராண்ட். எங்கள் பள்ளி கட்டணம் வாங்கும் பள்ளி என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதால் எங்களுக்கு வருவது அதைவிடவும் குறைவு. பள்ளியைச் சுற்றி இருப்பவர்களின் வருமானத்தைப் பார்த்து அந்த வகை போட்டிருக்கிறார்கள். ஆனால் இன்று எங்கள் வகுப்புகளில் பாதிப் பிள்ளைகள் பாட்டில்பிரஷ், கிராஸ்மோர் பக்கத்துத் தகர வீடுகளிலிருந்து நடந்து வருகிறார்கள். அவர்களின் பெற்றோருக்குக் கட்டண விலக்கு தர வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், நாங்கள் மனதாரத் தருகிறோம். அதனால் கட்டண வரவில் விழும் ஓட்டையை அடைப்பதற்குத்தான் சமோசா விற்கிறோம், கோயிலில் தேக்சா வாங்கி பிரியாணி போடுகிறோம், சீருடை இல்லாமல் வரும் சிவ்விஸ் டே வைத்துப் பிள்ளைகளிடம் ஐந்து ஐந்து ராண்டாக வாங்குகிறோம். அதில்தான் காவலாளிக்குச் சம்பளம்.

என் தாத்தா நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மகசின் பாரக்ஸில் குடியிருந்து டர்பன் நகராட்சியில் தெரு கூட்டியவர். இனம் பார்த்துக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் அவர்களை 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு அள்ளிக்கொண்டு வந்து போட்டது. நேட்டாலில் அந்தத் தலைமுறைக்கு அரசு தானாகப் பள்ளி கட்டித் தந்தது அபூர்வம். பெரும்பாலும் ஊர் பாதி போட்டால் அரசு பாதி போடும். அரைப் பட்டினியிலும் அந்தப் பாதியை அவர்கள் போட்டார்கள். இன்று இருப்பது எங்கள் அரசு, எங்கள் வாக்கில் வந்த அரசு. இதனிடம் கையேந்துவது போல எழுத வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

2019-இல் அதிபர் ராமபோசா நாடாளுமன்ற உரையில், ஆறு வருடத்துக்குள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் டேப்லெட்டில் பாடநூல் என்றார். அந்த ஆறு வருடம் முடிந்துவிட்டது. அப்புறம் கோடிங், ரோபோடிக்ஸ் பாடம் வருகிறது என்றார்கள். வரட்டும், எங்கள் பிள்ளைகளும் படிக்கட்டும். ஜூன் பரீட்சைக்குத் தாள் இல்லாமல் கிரேட் 4 ஆசிரியை கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். பின் வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள். எதை முதலில் தர வேண்டும் என்று நீங்கள் எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். உங்கள் அலுவலகத்திலும் ஆள் குறைவு, மேலிருந்து பணம் வராமல் உங்கள் கையும் கட்டப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் வாசித்துக் காட்டுகிறேன்.

நாங்கள் பணிவோடு கேட்பது: மே 15-க்கான தொகையை இந்த மாதத்துக்குள் முழுதாக அனுப்புங்கள். நவம்பர் 15-க்கு உரியது நவம்பர் 15-க்கே வரட்டும். எங்கள் ஆஃபீஸ் அக்காவிடம் கேட்ட விளக்கக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பருவத்துக்குப் பள்ளி திறக்கிறது. பெட்டி இன்னும் என் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பள்ளி நிர்வாகக் குழுப் பொருளாளர்,
சாட்ஸ்வொர்த்