பழைய கணினிகளில் லினக்ஸ்: 2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், "வரும் வருஷம் அமைதியாகப் போகும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். போகவில்லை. ஆகஸ்ட் 9 அன்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு வந்தது; அதில் 32-பிட் கணினிகளுக்கு, அதாவது பழைய வகைச் செயலி கொண்டவற்றுக்கு, நிறுவ உதவும் இன்ஸ்டாலரும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை. அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. முதலாவது நம் பழைய உறுப்பினர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டாவது, புதியவர்களைக் கையில் லேப்டாப்போடு நம் வாசலுக்கு அனுப்பியது.

புதியவர்கள் விஷயத்தில் சிரமம் இல்லை. அவர்கள் கொண்டுவந்தவை 64-பிட் கணினிகள், அதாவது புதிய வகைச் செயலி கொண்டவை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி மாட்டியதுமே பாதிக் குறை தீர்ந்தது.

32-பிட் பிரச்சினைதான் நம்மை ஆட்டிவைத்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது: 32-பிட் என்று நாம் அழுதுகொண்டிருந்த கணினிகளில் சில உண்மையில் 64-பிட். ராம் குறைவு என்பதால் எப்போதோ யாரோ 32-பிட் லினக்ஸைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்டிக்கரை நம்பியும் ஏமாந்தோம். கோர் டியோ, கோர் 2 டியோ என்ற இன்டெல் செயலிகள் இரண்டுமே 2006-இல் வந்தவை. முன்னது 32-பிட், பின்னது 64-பிட். நடுவில் இருக்கும் அந்த '2'-ஐப் பார்க்க ஒரு உறுப்பினர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. கட்டளை அடிக்கும் டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' (lscpu) என்று அடித்தால் செயலியின் விவரம் வரும்; இரண்டாவது வரியிலேயே பதில் இருக்கிறது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நிஜமாகவே 32-பிட் ஆனவை பென்டியம் எம் செயலி கொண்ட லேப்டாப்கள். முந்தைய பதிப்பான டெபியன் 12-இலேயே இருந்தால் 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்கு மேலும் ஓட்ட நினைப்பவர்கள் நெட்பிஎஸ்டி என்ற வேறொரு இலவச இயங்குதளத்தின் பக்கம் போகலாம். 1970-இலிருந்து நொடிகளை எண்ணும் 32-பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும் என்ற கவலையும் அதில் இல்லை. 2012-இல் வந்த 6.0 பதிப்பிலேயே 64-பிட் நேரத்துக்கு மாறிவிட்டார்கள். லேப்டாப் அதுவரை தாங்குமா என்பது வேறு விஷயம்.

அப்புறம், நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு மேசைக் கணினியில், பழைய கணினிகளுக்கான ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் பென்டிரைவிலிருந்து அழகாக பூட் ஆனது. ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றது. கேபிளை மாற்றினோம், நெட்வொர்க் கார்டை மாற்றினோம், ரவுட்டரைத் திட்டினோம். இரண்டு மணி நேரம் போனது. யாரோ திரையின் மூலையைப் பார்த்து, "இதில் வருஷம் 2002 என்று இருக்கிறதே" என்றார். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரி செத்துக்கிடந்தது. கணினியின் கணக்கில், அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

என் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். பென்டிரைவில் எழுதவேண்டிய லினக்ஸ் இமேஜை, டிஸ்க்கில் நேரடியாக எழுதும் 'டிடி' (dd) கட்டளையில், பென்டிரைவின் பெயரான 'எஸ்டிபி' (sdb) என்பதற்குப் பதில் ஹார்ட் டிஸ்க்கின் பெயரான 'எஸ்டிஏ' (sda) என்று அடித்து, உறுப்பினர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க் மீதே எழுதிவிட்டேன். ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு பெரும்பாலான படங்களை மீட்டோம். கோப்புப் பெயர்கள் போய்விட்டன. அவர் இன்னமும் பொறுமையாகப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் மீண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி யாரும், நான் உட்பட, எந்த டிஸ்க்குக்கு என்ன பெயர் என்று காட்டும் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) கட்டளையை அடித்துப் பார்க்காமல் 'டிடி'யைத் தொடக்கூடாது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

"எந்த லினக்ஸ் வேகமானது?" என்ற வாக்குவாதம் இந்த ஆண்டும் ஓயவில்லை. என் கருத்து மாறவில்லை: 1 ஜிபி ராமில் ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர மேலாளரைப் போட்டால் எல்லாமே வேகம்தான், பிரவுசரைத் திறக்கும் வரை. ராமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் கொஞ்சம் மூச்சு கொடுக்கும். அந்தக் கணினியில் பத்து டேப் திறந்துவிட்டு இயங்குதளத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. எழுத, பாட்டுக் கேட்க, வீட்டுக் கோப்புச் சர்வராக வைக்க அது தாராளம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புதிய நிர்வாகிகள் தேர்வு அதற்கடுத்து.

சிஆர்2032 பேட்டரிகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. பக்கத்தில் இருந்த சிறிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துப்போனவர் தயவுசெய்து திருப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்