எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைக்கு பிரிட்டனில் எந்த வகுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் வேலைக்காகப் பிரிட்டன் செல்லும் குடும்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, அங்குள்ள பள்ளிகளில் தேர்வுச் சுமையே இல்லை என்ற எண்ணத்தை ஏற்படுத்துகிறது. சிறு வகுப்புகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளையோடு புறப்படும் பெற்றோர் அதை நம்பினால் திண்டாடிப் போவார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் சித்தூர் வட்டத்திலிருந்து அங்கே போனவர்கள் பலர் என்பதால், ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான என்னிடம் இதுபற்றிக் கேட்க வருவோர் உண்டு. அவர்களிடம் சொல்வதையே இங்கு எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு பிள்ளை எந்த வகுப்பில் சேரும் என்பதை அதன் மதிப்பெண் தீர்மானிப்பதில்லை, பிறந்த தேதியே தீர்மானிக்கிறது. செப்டம்பர் 1 முதல் மறு ஆண்டு ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் அனைவரும் ஒரே வகுப்பினர். நம் கேரளத்தில் ஐந்து வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவந்ததால் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 2009 நவம்பரில் பிறந்து, 2025 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பெண்ணாகவே இருக்கட்டும். அந்த செப்டம்பரில் அவளுக்கு வயது பதினைந்துதான் என்பதால் அங்கே அவளுடைய வகுப்பு இயர் 11. பத்தை முடித்துவிட்டோம், இனி பிளஸ் ஒன் என்று எண்ணிப் போகிறவள், ஜி.சி.எஸ்.இ. என்னும் பொதுத்தேர்வுக்கான ஈராண்டுப் படிப்பின் (இயர் 10, இயர் 11) இரண்டாம் ஆண்டில் போய் உட்காருகிறாள்.

விட்டுப்போன ஓராண்டுப் பாடத்தைப் பிடிப்பதோடு அவள் கஷ்டம் தீர்வதில்லை. நமக்கு மாநிலம் முழுவதும் ஒரே வாரியம், ஒரே வினாத்தாள். அங்கே ஏ.க்யூ.ஏ., எடெக்செல், ஓ.சி.ஆர். என்று பல தேர்வு வாரியங்கள் இருக்கின்றன. பள்ளிகள் பாடத்துக்குப் பாடம் வெவ்வேறு வாரியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே ஒரே பள்ளியில் கணிதத்துக்கு ஒன்றும் ஆங்கில இலக்கியத்துக்கு மற்றொன்றும் இருக்கக்கூடும். வேலை மாற்றலாகி அடுத்த ஊருக்குக் குடிபோனால், ஆங்கில இலக்கியத்தில் பாதி படித்த நாடகத்தை விட்டுவிட்டு வேறொரு நாடகத்தை முதலிலிருந்து படிக்க நேரிடலாம். முன்பு இருந்த ஓ லெவல், சி.எஸ்.இ. ஆகிய இரண்டு தேர்வுகளுக்கும் பதிலாக 1988இல் முதன்முதலாக நடத்தப்பட்ட ஜி.சி.எஸ்.இ. தேர்வை, பெரும்பாலான மாணவர்கள் எட்டு முதல் பத்துப் பாடங்களில் மே, ஜூன் மாதங்களில் எழுதுகிறார்கள்.

அதன் முடிவுத் தாளை இங்குள்ள தாத்தா பாட்டிகள் படிக்கும் விதம் சிரிப்பை வரவழைக்கும். இங்கிலாந்தில் 2017 முதல் 9, 8, 7 என எண்களில் தரம் தருகிறார்கள். 9தான் உச்சம், 1 கடைசி. அறிவியலை ஒருங்கிணைத்துப் படிக்கும் பிள்ளைக்கு அது இரண்டு பாடங்களுக்குச் சமம் என்பதால் 6-5 என்று இரட்டைத் தரம் அச்சாகியிருக்கும். அதை 65 மதிப்பெண் என்று படித்துவிட்டு, கணக்கில் வெறும் 7தானா என்று கவலைப்பட்ட பெரியவர் ஒருவருக்கு, அந்த 7 பழைய முறையின் ஏ தரத்துக்கு இணையானது என்று விளக்க வேண்டியிருந்தது. 4 கிடைத்தால் தேர்ச்சி. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அந்த 4 கிடைக்காதவர்கள், பதினாறு வயதுக்குப் பின் வேறு எதைப் படித்தாலும் அவற்றையும் சேர்த்துத் தொடர்ந்து படித்தாக வேண்டும்.

அடுத்த ஈராண்டுகள் நம் பிளஸ் டூ போன்ற ஏ லெவல் படிப்பு. பெரும்பாலோர் மூன்றே பாடங்களைத்தான் எடுக்கிறார்கள். இங்கே பிள்ளைகள் ஆறு பாடம் சுமப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் ஆழமும் அதிகம். ஈராண்டுப் பாடத்துக்கும் இறுதியில்தான் தேர்வு. நம்மவர்கள் பெரும்பாலும் யோசிக்காத ஆபத்து ஒன்றும் இதில் இருக்கிறது. உயிரியல், வேதியியல், கணிதம் என்று எடுத்த பிள்ளை அங்கே மருத்துவப் படிப்புக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அங்கே இடம் கிடைக்கவில்லை, ஊருக்குத் திரும்பி நீட் எழுதுவோம் என்றாலோ கதவு அடைபட்டிருக்கும். ஏனென்றால் பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் இயற்பியலும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. பதினாறு வயதில் எதை விடுகிறோம் என்று தெரிந்தே விட வேண்டும்.

பல்கலைக்கழகச் சேர்க்கையும் நம் முறைக்கு நேர்மாறு. முடிவு வந்த பிறகு விண்ணப்பிப்பது நம் வழக்கம். அங்கே ஆசிரியர்கள் கணித்துத் தரும் தரத்தை வைத்து யூகாஸ் என்னும் பொதுச் சேர்க்கை அமைப்பின் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவத்துக்கு அக்டோபர் மாதத்திலேயே கெடு முடிந்துவிடும். ஆகஸ்டில் வரும் முடிவு, பல்கலைக்கழகம் கேட்ட தரத்தை எட்டினால்தான் இடம் உறுதியாகும்.

இவையெல்லாம் இங்கிலாந்துக்குரியவை. கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ வேலை கிடைத்தால் கணக்கே வேறு. ஸ்காட்லாந்தில் நேஷனல் 5, அதற்குப் பின் ஹையர் என்று தனித் தேர்வு முறை.

முடிந்தவரை பிள்ளை இயர் 10 தொடங்கும் செப்டம்பருக்கு முன்பே குடும்பத்தை அழைத்துக்கொள்வது நல்லது. அது இயலாதவர்கள், பிள்ளையை இங்கேயே பிளஸ் டூ வரை படிக்க வைப்பதைப் பற்றியும் யோசிக்கலாம்; சில ஆண்டுப் பிரிவுக்கு அஞ்சி ஈராண்டுப் படிப்பைக் குலைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் வெளிநாடு செல்வோருக்கு நடத்தும் முன்தயாரிப்பு வகுப்புகளில் இந்த வயதுக் கணக்கை விரிவாக விளக்கவும், பாலக்காடு, இடுக்கி போன்ற எல்லை மாவட்டங்களின் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழிலேயே கையேடு தரவும் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.