மின்கட்டண ஒப்பந்தம்: "இப்போ எது குறைச்சல்?" என்று மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணச் செய்தி வெளிவந்ததும் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இதே பேச்சுதான். மின்கம்பிக் கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடமே, அதன் மாறும் கட்டணத்திலேயே இருந்துவிடலாமா, வேறு நிறுவனத்துடன் நிலையான விலையில் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒப்பந்தம் போடலாமா? கேட்பவர்களில் பலர் வயதானவர்கள். "இப்போ எது குறைச்சல்னு பாத்துப் போடுங்க" என்றுதான் அவர்களுக்குப் பதில் கிடைக்கிறது.

2020 ஜூலையில் எஸ்பி கட்டணம், வரி நீங்கலாக, யூனிட்டுக்கு 19.60 காசுக்கு இறங்கியது. அதை மட்டும் பார்த்தவருக்கு ஒப்பந்தமே வேண்டாம் என்று தோன்றியிருக்கும். ஈராண்டு கழித்து, 2022 ஜூலையில், அதே கட்டணம் 30.17 காசு. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த எரிவாயு இறக்குமதியாவது. எங்கோ நடக்கும் போர் நம் வீட்டு பில்லில் தெரிகிறது. அடுத்த ஆண்டு விலை என்ன ஆகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது நம் வீட்டு வரவு செலவைத்தான். விலை திடீரென ஏறினால் தாங்குமா? பிள்ளைகள் கொடுக்கும் பணத்திலும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து மாதாமாதம் வரும் தொகையிலும் காலம் தள்ளுபவருக்கு நிலையான விலை நல்லது என்பதே என் கருத்து. ஒரு காசு கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. இருவர் சம்பாதிக்கும் வீட்டில் அவ்வளவு அவசரமில்லை. எஸ்பியிடம் இருந்தால் ஒப்பந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

ஒப்பந்தம் போடுவதென்றால், பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் மேல்மாடி அக்கா, கடைத்தொகுதியில் முகப்பு போட்டிருந்த விற்பனையாளர் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, "இனி மாசா மாசம் ஒரே பில்தானாம்மா?" என்று கேட்டார். இல்லை. நிலையாக இருப்பது ஒரு யூனிட்டின் விலை மட்டுமே. ஏர்கான் கூடுதலாக ஓடினால் பில் ஏறத்தான் செய்யும். இதை அந்த இளைஞர் சொல்லவே இல்லை. தாளில் கையெழுத்து வாங்குவதில்தான் குறியாக இருந்திருக்கிறார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கழிவுத் திட்டம் என்ற இன்னொரு வகையும் உண்டு. அது எஸ்பி கட்டணத்தில் இத்தனை விழுக்காடு குறைத்துத் தருவது. எஸ்பி கட்டணம் ஏறினால் அதுவும் கூடவே ஏறும். நிலையான விலை என்று நினைத்து அதில் சேர்ந்துவிடக் கூடாது.

வரியையும் கவனியுங்கள். செய்தியில் எஸ்பி கட்டணம் வரி நீங்கலாக 27 காசு என்று வருகிறது, ஒரு நிறுவனம் வரியுடன் 28.5 காசு என்று விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்பி மலிவுபோலத் தெரியும். ஆனால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்தால் 27 காசு 29.43 ஆகிவிடும். சரி, அப்படியானால் ஒப்பந்தம்தான் லாபம் என்று உடனே ஓடவும் வேண்டாம். மாதம் 400 யூனிட் ஓடும் வீட்டில் அந்த வித்தியாசம் நான்கு வெள்ளிகூட இல்லை. இடையில் மகன் வீட்டுக்கே குடிபோக நேர்ந்தால் ஒப்பந்தத்தை முறிக்க எவ்வளவு கட்ட வேண்டும், முன்பணம் உண்டா, முடிந்ததும் தானாகவே வேறு விலையில் புதுப்பித்துவிடுவார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவுத் தேதியைப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தால் பாட்டி அதைப் பார்க்கப் போவதில்லை.

2021 அக்டோபரில் ஐஸ்விட்ச், ஓம் எனர்ஜி போன்ற நிறுவனங்கள் சந்தையைவிட்டு விலகப்போவதாக அறிவித்ததையும் மறந்துவிடக் கூடாது. யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. மின்கம்பிக் கட்டமைப்பு எஸ்பியுடையதுதான், வாடிக்கையாளர்களை ஏற்றுக்கொள்ளவும் அது இருந்தது. ஆனால் பழைய விலை போய்விட்டது. பெரிய முன்பணம் கேட்கும் நிறுவனத்தைத் தவிர்ப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

எரிசக்திச் சந்தை ஆணையத்துக்கும் சமூக மன்றங்களுக்கும் என் வேண்டுகோள்: இணையத்தில் விலைகளை ஒப்பிடும் பக்கம் இருக்கிறது, ஆனால் அதைத் திறந்து பார்க்கத் தெரியாதவர்களுக்குத்தான் உதவி தேவை. கட்டணம் மாறும் சமயத்தில் ஒரு மாலைப்பொழுது, தமிழ் பேசும் தொண்டூழியர் ஒருவரை உட்கார வைத்து, வருபவர்களின் பில்லைப் பார்த்து விளக்கச் செய்யுங்கள். தங்கள் நாளிதழும் கட்டணச் செய்தியில் வரி சேர்த்த விலையையும் சேர்த்தே வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி, ஈசூன்