கை வைக்காமல் விட்டவர்களுக்கு நன்றி

மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். மகளின் முரசு (பல் ஈறு) நீலமாகப் புடைத்தபோது எங்களுக்குத் துணை நின்ற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வணங்கத்தான் ஆசை. ஆனால் அவர்கள் அதை விரும்ப மாட்டார்கள் என்று தெரியும். வாசித்தால் தங்களைத்தான் சொல்கிறேன் என்று அவர்களுக்கு விளங்கும், அது போதும்.

மகளுக்கு அப்போது 14 மாதம். தை மாத வெள்ளாமை வெட்டு, அவட அப்பா வயல் வாடியில் நிற்கிறார். பொழுது பட்ட நேரம் சோறு தீத்தினேன். கரண்டி பட்டதும் வீரிட்டு முகத்தைத் திருப்பினாள். போன் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தால், மேல் முரசில் வலப்பக்கம் பின்னால், நாவற்பழத் தோல் நிறத்தில் ஒரு புடைப்பு. கடலை அளவு இருக்கும், மினுமினுவென்று இழுபட்டு நின்றது. முன்பல் எட்டும் வந்தபோது முரசு சிவந்ததுண்டு, நமநமவென்று கையைக் கடித்ததுண்டு. நீலம் பாரித்து நான் கண்டதில்லை. கை நடுங்கிப் போனேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் புற்று என்றார். இன்னொருவர், ரத்தக்கட்டிதான், ஊசியை நெருப்பில் வாட்டி ஒரு குத்துக் குத்தினால் வடிந்துவிடும் என்றார். அன்பில் சொன்னார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நான் உண்மையிலேயே ஊசியைத் தேடினேன். என் அம்மா ஊசி டப்பாவை எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்டு, "மிஸ்ஸி முதல்ல பாக்கட்டும் கா, மறுகா பேசுவம்" என்றா. முதல் நன்றி அவவுக்கு.

இரவு எட்டரைக்கு எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது மிஸ்ஸிக்கு அழைத்தேன். அவ கேட்டதெல்லாம் கேள்விதான். காய்ச்சல் இருக்கா, பால் குடிக்கிறாளா, சீழ் தெரியுதா, கன்னம் வீங்கியிருக்கா, ரத்தம் நிற்காமல் வடியுதா. எல்லாத்துக்கும் இல்லை, பால் மட்டும் குடிக்கிறாள் என்றேன். "அப்ப இரவைக்கு ஒண்டும் பூசாதீங்க மகள், விடியப் பல் டொக்டரிட்ட காட்டுங்க" என்றா. விடிய ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து தானும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனா. தாய்க்கு அந்த ஒரு இரவு எவ்வளவு நீளம் என்று தெரிந்தவ.

மண்முனைப் பாலத்தால் எங்களைக் கொண்டுபோனது ஒரு காத்தான்குடி ஆட்டோ நானா. 2014 இல் அந்தப் பாலம் திறக்கும் வரை, இந்த வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்காகக் கரையில் காத்து நின்றவர்கள் நாங்கள். நானா கூலி வாங்கவில்லை. "காசு கிடக்கட்டும் தங்கச்சி, புள்ளையப் பாருங்க" என்றார்.

வழியில் ஒரு பாமசியில் இறங்கி, முரசில் பூசி நோவை மரக்க வைக்கிற ஜெல் கேட்டேன். அந்தத் தம்பி வயதைக் கேட்டார். 14 மாதம் என்றதும் கையில் எடுத்த டியூப்பைத் திரும்ப ராக்கையில் வைத்துவிட்டார். அதில் பென்சொகெயின் என்ற மரக்க வைக்கிற மருந்து இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு ரத்தம் ஒக்சிசனைச் சுமக்க ஏலாமல் போகும், இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று 2018 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே எச்சரித்தது என்று பொறுமையாகச் சொன்னார். விற்றிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? தம்பி, உங்களை நான் மறக்கமாட்டேன்.

பல் வைத்தியர் கையுறை போட்ட விரலால் புடைப்பை மெல்லத் தொட்டுப் பார்த்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "கச்சான் கடலை முளைக்கும்போது முதலில் மண் எழும்பி வெடிக்கும், கண்டிருக்கிறீங்கதானே? இது அதுதான் அம்மா." முளைக்க முன் பல்லைச் சுற்றி ஒரு பை இருக்குமாம். பல் மேலே வரும்போது பைக்குள் நீர் தேங்கி முரசு புடைக்கும், பிள்ளை கடித்து அதில் ரத்தமும் கலந்தால் நீலமாகவோ கறுப்பாகவோ தெரியும். முதல் கடைவாய்ப் பல் வருவது 13 முதல் 19 மாதத்துக்குள், அந்த இடம் அதுதான். பல் தானே அதைத் திறந்துகொண்டு வரும், வெட்டினால் வீண் புண், கிருமி போக வழி என்றார். சீழ் வைத்தால், பிள்ளை குடிக்க மறுத்தால், வாரக்கணக்கில் அப்படியே நின்றால் மட்டும் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார், இதை வாசிக்கிற தாய்மாருக்காக அதையும் எழுதுகிறேன். பல் முளைக்கும்போது உடம்பு கொஞ்சம் சுடலாம். 100.4 பாகை பரனைட்டைத் தாண்டினால் அதைப் பல்லுக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். மாரி நேரம் நம்ம பக்கம் டெங்கு இருக்கிறது. நோவு கூடினால் எடைக்கு அளந்து பரசிற்றமோல், அதுவும் கேட்டுத்தான்.

வீட்டில் செய்ததெல்லாம் இவ்வளவுதான். சுத்தத் துணியை நனைத்துக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுத்தேன். கழுவிய விரலால் முரசைத் தடவிவிட்டேன். சோற்றைக் குழைத்து, குளிர்ந்த எருமைத் தயிர் போட்டுத் தீத்தினேன். ஒன்பதாம் நாள் விடிய, தலையணை உறையில் சின்னதாக ஒரு ரத்தக்கறை. நெஞ்சு திக்கென்றது. வாயைத் திறந்தேன். நீலம் இல்லை. கிழிந்த முரசின் நடுவில் அரிசிக் குறுணல் போல வெள்ளையாக ஒரு முனை. அம்மா கரண்டியால் மெல்லத் தட்டினா, 'டிக்' என்று கேட்டது. இரண்டு பேரும் அழுதோம்.

மிஸ்ஸி அக்கா, டொக்டர், நானா, பாமசித் தம்பி, வாடியிலிருந்து மணிக்கொரு தரம் அழைத்து என்னைத் தேற்றிய என் மனிசன், எல்லாருக்கும் என் மனம் நிறைந்த நன்றி. அடுத்த கிளினிக் நாளில் ஒரு சட்டி தயிர் கொண்டுவருவேன் அக்கா, வேண்டாம் எண்டு சொல்லாதீங்க.

நேற்றிலிருந்து இடப்பக்க முரசும் லேசாக நீலம் பாரித்திருக்கிறது. துணியை நனைத்துக் குளிரவைத்திருக்கிறேன். ஊசி டப்பாவை அம்மா இன்னும் திருப்பித் தரவில்லை.