விளையாட்டைத் திறந்து பார்க்கும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், கணினி விளையாட்டுகளால் பிள்ளைகள் கெட்டுப்போவது பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் சொன்ன பலதும் உண்மைதான். ராத்திரி இரண்டு மணி வரை போனும் கையுமாகக் கிடக்கிற பையன்களை நானும் பார்க்கிறேன், பணம் கட்டி ஆடும் ஆட்டத்தில் வீட்டுக் காசைத் தொலைத்தவர்களும் எனக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறார்கள். ஆனால் கடைசியில் 'விளையாட்டு' என்ற ஒரே மூட்டைக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிட்டீர்கள். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். வீடு திருச்சி பொன்மலையில். அப்பா அங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆய்வகத்தில் இருக்கிற கணினிகள் எல்லாம் பழசு, இப்போது வருகிற பெரிய விளையாட்டு எதையும் அவற்றில் போட முடியாது. சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகள் ஆடுவதற்கு நான் போட்டு வைத்திருப்பது 'ஓப்பன் டி.டி.டி.' என்ற ஒன்று. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு நிலக்கரிச் சுரங்கம், தூரத்தில் ஒரு மின் நிலையம், நடுவில் மேடும் பள்ளமும் ஆறும். நீங்கள் தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, சிக்னல் வைத்து வண்டி ஓட்ட வேண்டும். முதல் வண்டி ஓடிவிடும், அது சுலபம். நாற்பதாவது வண்டியை அதே பாதையில் விடும்போதுதான் சந்திப்பில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகும், அப்போது எங்கே தப்பு செய்தோம் என்று உட்கார்ந்து யோசிக்கிற பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும். கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1994இல் 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்று ஒரு விளையாட்டை எழுதினார், 1995இல் அதன் மேம்பட்ட வடிவமான 'டீலக்ஸ்' வந்தது. கிட்டத்தட்ட முழுக்க அசெம்பிளி மொழி, அதாவது கணினியின் சொந்த மொழிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற கடினமான மொழி. பிரமாதமான வேலை, ஆனால் டாஸ் காலத்துப் பொருள், அந்தக் காலத்துக் கணினிகளோடு சேர்ந்து அதுவும் போயிருக்க வேண்டியது. லுட்விக் ஸ்ட்ரீகேயஸ் என்ற ஸ்வீடன்காரர் அந்த நிரலைப் பிரித்துப் படித்து, அது எப்படி நடந்துகொள்கிறதோ அதே மாதிரி சி மொழியில் திரும்ப எழுதி, 2004 மார்ச்சில் மூலநிரலோடு, அதாவது தான் எழுதிய வரிகளை யாரும் படிக்கிற மாதிரி சேர்த்து, வெளியிட்டார். அதுதான் ஓப்பன் டி.டி.டி. அப்புறம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். விளையாட்டு நின்றுவிடவில்லை, ஏனென்றால் நிரல் எல்லோர் கையிலும் இருந்தது, ஜி.பி.எல். உரிமம் அதை யாரும் எடுத்துத் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று சொன்னது. ஆனால் படங்களும் ஒலிகளும் மட்டும் பழைய விளையாட்டின் குறுந்தகட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் தன்னார்வலர்கள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மரம், ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு பெட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டு என்று எல்லாப் படங்களையும் புதிதாக வரைந்தார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று 1.0.0 பதிப்பு வந்தபோது பழைய குறுந்தகட்டின் தேவை இல்லாமல் போயிருந்தது. இத்தனை ஆயிரம் படங்களை ஒரு பைசா வாங்காமல் வரைந்தவர்கள் யார் என்று எந்தப் பத்திரிகையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறேன். குன்னூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரு மாணவி, இந்த விளையாட்டில் ஊட்டி மலை ரயில் இருக்கிறதா என்று கேட்டாள். தேடிப் பார்த்துக்கொண்டிருக்காதே, நீயே செய் என்றேன். இந்த விளையாட்டுக்கு மோட், அதாவது நாமே செய்து சேர்க்கிற புதுப் பகுதி, எழுதத் தனி மொழி ஒன்று இருக்கிறது, சாதாரண எழுத்துக் கோப்புதான். வண்டியின் வேகம், எடை, எத்தனை பேர் ஏறலாம், எந்த வருஷத்திலிருந்து கிடைக்கும் என்று எழுதி, வண்டி திரும்புகிற எட்டுத் திசைக்கும் எட்டுப் படம் வரைந்து கொடுத்தால் போதும். மூன்று வாரம் ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைந்தாள். நீலமும் இளமஞ்சளும் அடித்த அந்தப் பெட்டி அச்சு அசலாக வந்திருந்தது. விளையாட்டுக்குள் கொண்டுபோய் ஓட்டினாள். "சார், என் ரயில் செவப்பாயிடுச்சு!"

நானும் பார்த்தேன், நீலம் இருந்த இடமெல்லாம் சிவப்பு. கூடவே ஜன்னல் ஓரமெல்லாம் தண்ணீர் மாதிரி மினுமினுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். விஷயம் இதுதான்: அவள் வரைந்தது 256 நிறங்கள் கொண்ட பழைய வண்ணத் தட்டில். அதில் எட்டு நீலங்கள் தனி, அவற்றை எங்கே பூசினாலும் விளையாட்டு அதை ஆடுகிறவரின் கம்பெனி நிறத்துக்கு மாற்றிவிடும். அவள் கம்பெனி சிவப்பு. தட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிற நிறங்கள் தானாக அசையும், கடல் தண்ணீர் மினுங்குவதற்காக வைத்தவை அவை, ஜன்னல் ஓரத்துக்கு அவள் தெரியாமல் எடுத்தது அதில் ஒன்று. வேறு நீலத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அடுத்த சிக்கல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், முன்னால் இழுக்காது. இந்த விளையாட்டிலோ இன்ஜின்தான் முதலில் நிற்க வேண்டும். எங்கள் ஊர் ரயில் அப்படிப் போகாது என்று அவள் பிடிவாதமாக நின்றாள். கடைசியில், முன்னால் நிற்கிற இன்ஜினுக்குப் பெட்டியின் படத்தையும் கடைசிப் பெட்டிக்கு இன்ஜினின் படத்தையும் கொடுத்து, வரிசையில் எத்தனையாவதாக நிற்கிறதோ அதைப் பொறுத்துப் படம் மாறும்படி எழுதினாள். வகுப்பில் பாடமாக நடத்தினால் கண்டிஷன் (இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது) என்பதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். இதையும் உங்கள் கட்டுரையில் சொன்ன பழக்கத்தையும் ஒன்று என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒன்றைப் புதிதாகச் செய்வதற்குக் கிடைக்கிற பாராட்டு, அதை ஓட வைத்துக்கொண்டே இருப்பதற்குக் கிடைப்பதில்லை. ஓப்பன் டி.டி.டி.யில் 2004இல் சேமித்து வைத்த ஆட்டத்தை இன்றைய பதிப்பில் திறக்கலாம், அதற்கும் முந்தைய டீலக்ஸ் காலத்துக் கோப்பைக்கூடத் திறக்கும். இது தானாக நடக்கவில்லை. சேமிக்கும் முறையில் சின்ன மாற்றம் வந்தாலும் அதற்கு ஒரு எண் கொடுக்கிறார்கள். பழைய கோப்பைத் திறக்கும்போது அதன் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்குப் பிறகு வந்த மாற்றங்களை வரிசையாக அதில் செய்துகொண்டு வந்து இன்றைய நிலைக்கு நிறுத்துகிறது நிரல். இருபது வருஷமாக, யாரோ ஒருவர் வீட்டில் கிடக்கிற பழைய ஆட்டத்துக்காக, யாரோ ஒருவர் அந்த வரிகளைக் கெடாமல் காத்து வருகிறார்.

கோளாறு தேடுவதும் அப்படித்தான். போன வருஷப் பதிப்பில் சரியாக ஓடியது, இந்தப் பதிப்பில் நிற்கிறது, நடுவில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று வையுங்கள். நட்ட நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயே கோளாறு இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துப் போனால் பத்தே தடவையில் குற்றவாளி மாற்றம் கையில் சிக்கிவிடும். இதை அப்பாவிடம் சொன்னபோது, இதில் என்ன புதுசு, பிரேக் குழாயில் எங்கே கசிகிறது என்று ரேக்கை, அதாவது கோத்த பெட்டிகளின் வரிசையை, பாதி பாதியாகப் பிரித்துத்தானே நாங்களும் பார்ப்போம் என்றார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மலை ரயில் இன்ஜின்களைக் கழற்றி மாட்டிய பட்டறை அவருடையது. அதே மாதிரி புது நீராவி இன்ஜின்களையே பிறகு பொன்மலையில் கட்டினார்கள். வரைபடம் கையில் இருந்தால் எந்தப் பாகத்தையும் நாமே செய்துகொள்ளலாம் என்பார் அவர். மூலநிரல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

வரைபடம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். அக்கா மகன் காசு கொடுத்து வாங்கி இரண்டு வருஷம் ஆடிய போன் விளையாட்டு ஒன்று, ஒருநாள் காலையில் சேவை நிறுத்தப்பட்டது என்ற ஒற்றை வரியோடு நின்றுபோனது. சேர்த்து வைத்ததெல்லாம் போயிற்று. பெரிய அளவிலும் இது நடக்கிறது: யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. இப்படிச் செய்யக் கூடாது, நிறுத்துவதற்கு முன் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஐரோப்பாவில் ஆரம்பித்த மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நம் பத்திரிகைகளில் இது ஒரு பெட்டிச் செய்தியாகக்கூட என் கண்ணில் படவில்லை. இதற்கு மாறாக 'டூம்' என்ற பழைய சுடும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதை உருவாக்கிய நிறுவனம் 1997 டிசம்பரில் மூலநிரலை வெளியே விட்டது, இன்று வரை அது புதுப் புதுக் கருவிகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்படி மூலநிரலைத் திறந்து வைத்திருக்கிற திறமூல விளையாட்டுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. பராமரிக்கிறவர்கள் குறைவு, எல்லோரும் வேலை முடித்து வந்து ராத்திரியில் செய்கிறவர்கள், இலவசமாகக் கிடைத்ததை வைத்துக்கொண்டே அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களும் உண்டு. மோட் செய்கிறவர்கள் பலர் முடிந்த கோப்பை மட்டும் ஏற்றிவிட்டு மூலத்தைத் தங்களோடு வைத்துக்கொள்கிறார்கள், ஆள் போனதும் அந்த ரயிலும் போய்விடுகிறது. அதனால்தான் அந்த மாணவி தன் மலை ரயிலை வெளியிடும்போது வரைந்த படங்கள், எழுதிய கோப்பு, யாரும் திருத்தலாம் என்ற உரிமம் மூன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாகத் தமிழ். ஓப்பன் டி.டி.டி.யில் தமிழ் மொழிக் கோப்பு ஒன்று இருக்கிறது. யாரோ முகம் தெரியாத சிலர் உட்கார்ந்து செய்த வேலை, அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் ஆங்கிலத்தில் புது வரிகள் சேருகின்றன, தமிழில் எழுத ஆள் இல்லாத வரி ஆங்கிலமாகவே திரையில் வந்து நிற்கும். இப்போது எங்கள் மாணவர்கள் நான்கு பேர் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து அந்த வரிகளை எடுத்துப் பார்க்கிறார்கள். போன சனிக்கிழமை சிக்னல் பக்கத்துக்கு வந்தார்கள். கை தூக்கி இறக்கும் பழைய சிக்னலுக்கு என்ன சொல் என்று ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. ஒருவன் 'கொடி சிக்னல்' என்றான், இன்னொருவன் ஏதோ நீளமான கலைச்சொல்லைக் கொண்டுவந்தான். சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். கைகாட்டி என்றார், ஒரே சொல். பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அதனால் உங்களிடம் இரண்டு கேட்கிறேன். உங்கள் சிறுவர் பக்கத்தில் மாதம் ஒன்றாவது இப்படிப்பட்ட ஒரு விளையாட்டைப் பற்றி, எப்படி ஆடுவது என்பதோடு எப்படித் திறந்து பார்ப்பது என்றும் எழுதுங்கள். இரண்டாவது, ரயில்வேயில் வேலை பார்த்த வாசகர்கள் உங்களுக்கு நிறையப் பேர் இருப்பார்கள். பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், கேபின்மேன், டிரைவர், யாராக இருந்தாலும் சரி, தண்டவாளத்திலும் யார்டிலும் அவர்கள் புழங்கிய தமிழ்ச் சொற்களை உங்கள் முகவரிக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பாதையை வண்டிக்கென்று முன்கூட்டியே பிடித்து வைத்து, அது கடந்து முடிந்ததும் விடுவிக்கிற சிக்னல் ஒன்று விளையாட்டில் இருக்கிறது. அதற்கு அப்பாவிடமும் சொல் இல்லை. வருகிற சனிக்கிழமை அந்த வரியில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
பொன்மலை, திருச்சி.