அடுத்த தொடருக்கு ‘மூன்றாவது’ என்று எண் போடுங்கள்

பேக்-12 கான்ஃபரன்ஸ் (அமெரிக்க மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பு) நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு மைதானத்து வேலியோரம் பேசிக்கொண்டு நின்றோம். பேஸ்பாலின் தங்கையான சாஃப்ட்பால் ஆட்டத்தின் பயிற்சியாளர் ஒருவர், “புது பேக்-12 வரட்டும், முதல் தடவையாக கான்ஃபரன்ஸ் தொடர் வைப்பார்கள், பாருங்கள்” என்றார். முதல் தடவையா? அப்படியானால் 2023-இல் டூசானில் நடந்தது என்ன, 2024-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்தது என்ன? இந்த ஆட்டத்திலேயே ஊறிய மனிதருக்கே மறந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

கேட்பது சின்ன விஷயம். பெண்கள் சாஃப்ட்பால் சாம்பியன்ஷிப் தொடரை நீங்கள் மறுபடி எப்போது நடத்தினாலும், அதை மூன்றாவது தொடர் என்று சொல்லுங்கள்.

பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1980-களிலிருந்து கான்ஃபரன்ஸில் சாஃப்ட்பால் உண்டு, லீக் ஆட்டங்கள் முடிந்தபின் ஆடும் தொடர்தான் கிடையாது. லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடித்தவரே சாம்பியன். தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் எஸ்இசி கான்ஃபரன்ஸ் 1997-இல் சாஃப்ட்பாலைத் தொடங்கிய வருடமே தொடரையும் தொடங்கிவிட்டது. நீங்கள் அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்திருப்பீர்கள்: 1982 முதல் 2024 வரையான என்சிஏஏ (தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) சாஃப்ட்பால் பட்டங்களில் யூசிஎல்ஏ 12, அரிசோனா 8, அரிசோனா ஸ்டேட் 2, கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் ஆளுக்கு ஒன்று. ஆக மொத்தம் 24.

இத்தனை பெரிய குடும்பத்துக்கு முதல் தொடர் வாய்த்தது 2023 மே மாதத்தில். அரிசோனாவின் டூசான் நகரம், ஹில்லன்பிராண்ட் மைதானம். ஒன்பது அணிகள், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இறுதி ஆட்டத்தில் யூட்டா 7-6 என்று யூசிஎல்ஏவைச் சாய்த்தது. அதே வேகத்தில், 1994-க்குப் பிறகு முதல் முறையாக, தேசியப் பட்டத்துக்கான ‘உலகத் தொடருக்கும்’ போனது. அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டில் இறுதிக்கு வந்ததும் அதே இரண்டு அணிகள். கோப்பை இம்முறை யூசிஎல்ஏவுக்கு. அவ்வளவுதான். பந்தலில் கட்டிய வாழை வாடுமுன் வீடே காலியாகிவிட்டது: பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வேறு கான்ஃபரன்ஸ்களுக்குப் போய்விட்டன.

இதில் ஓரிகன் ஸ்டேட் பெண்களை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கான்ஃபரன்ஸை விட்டுப் போகாமல் நின்றவை இரண்டே பல்கலைக்கழகங்கள். அதில் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு சாஃப்ட்பால் அணியே இல்லை. மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட் ஒன்றுதான். 2022 இலையுதிர் காலத்தில் அங்கே சேர்ந்த ஒரு பெண்ணின் நான்கு வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் டூசான். இரண்டாம் வருடம் ஸ்டான்ஃபோர்ட். மூன்றாம் வருடமும் நான்காம் வருடமும் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஒண்டுக்குடித்தனம். கலிஃபோர்னியாவின் தனியார் கல்லூரிகளோடு ஆட்டம். 2026 ஜூனில் பட்டம் வாங்கிக்கொண்டு அவள் வெளியே வருகிறாள். புதிதாகச் சேரும் பல்கலைக்கழகங்களோடு புதிய பேக்-12 பிறக்க நீங்கள் குறித்த நாள் 2026 ஜூலை 1. போகாமல் நின்றவளுக்குத் திறப்பு விழாவில் இடமில்லை. அவள் ஆடிய இரண்டு தொடர்களும் கணக்கில் இல்லை என்றால், நான்கு வருடத்தில் அவள் எந்த கான்ஃபரன்ஸில்தான் இருந்தாள்?

போனவர்கள் பாடும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கலிஃபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் இப்போது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருக்கின்றன. பசிபிக் கரையில் வீடு, அட்லாண்டிக்கில் விலாசம்! யூசிஎல்ஏ 2025-இல் தன் புதிய கான்ஃபரன்ஸின் தொடர் ஆட லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இந்தியானா மாநிலத்துக்குப் பறந்தது. அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்புப் பணத்துக்காக ஆண்கள் மேஜையில் போட்ட கணக்கு; விமானத்தில் பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவது பந்து வீசும் பிட்சர் பெண். இதற்கு அமெரிக்க அகராதியில் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்று பெயர். சரி, இதை உங்களிடம் கொட்டிப் பயனில்லை, நீங்களும் கைவிடப்பட்டவர்கள்தான். கோபத்தில் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

ஆனால் ஒன்று. 2023-இல் மற்றவர்கள் எல்லோரும் கிளம்ப முடிவெடுத்திருந்தபோது, கான்ஃபரன்ஸ் இன்னும் சாகவில்லை, அதை நடத்தும் உரிமை எங்களுடையது என்று நீதிமன்றத்தில் வாதாடி வென்றவை மிஞ்சிய இரண்டும்தானே? பெயரும் நம்முடையது, பணமும் நம்முடையது, டூசானில் நடந்தது மட்டும் யாருடையதோ என்றால் எப்படி?

புதிதாக வருகிறவர்களுக்கும் இதில் நஷ்டமில்லை. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் வெறுங்கையோடு வரவில்லை. 1998 தேசிய இறுதியில் அரிசோனாவை 1-0 என்று வென்ற அணி அது. அன்று எதிரே நின்ற அணியின் பழைய கான்ஃபரன்ஸுக்கே இன்று வருகிறது. இப்படி ஒரு வரலாறு கைவசம் இருக்கும்போது அதைத் துடைத்துவிட்டு ‘முதலாம் ஆண்டு’ என்று பலகை மாட்டுவது என்ன கணக்கு?

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். சாம்பியன்கள் பட்டியலில் 2023 யூட்டா, 2024 யூசிஎல்ஏ என்ற இரண்டு வரியும் இருக்கட்டும். அடுத்த தொடரின் டிக்கெட்டிலும் டி-ஷர்ட்டிலும் மூன்றாவது என்று போடுங்கள். அப்புறம், யாருக்காவது அழைப்பு அனுப்புவதாக இருந்தால், முதல் அழைப்பு அந்த ஓரிகன் ஸ்டேட் பெண்களுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
டூசானையும் ஸ்டான்ஃபோர்டையும் மறக்காத ஒரு ரசிகன்