மான் இருக்கும் ஊரில் வீடு வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், ஓய்வுக்குப் பின் எங்கே குடியேறலாம் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். குன்னூர், ஏற்காடு, கொடைக்கானல் என்று படங்களோடு நன்றாகவே இருந்தது. கடைசிப் பத்தியில் மட்டும், "உங்கள் பொழுதுபோக்கு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரிலேயே வீட்டை வாங்கிவிடுங்கள்" என்று எழுதி, அமெரிக்காவில் அரிசோனா மாதிரியான பாலைவன மாநிலங்களுக்கு அப்படித்தான் கூட்டம் போகிறது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்த ஒரு வரி எனக்குச் சரிப்படவில்லை. அதே எண்ணத்தோடு என் தங்கை வீட்டுக்காரர் ஒரு வருடம் அலைந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

தாராபுரம், காங்கேயம் பக்கம் முப்பத்தோரு வருடம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். மாப்பிள்ளை (தங்கை வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) மூலனூர்க்காரர். 1994-ல் வேலைக்கென்று அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லருக்குப் போனவர், அங்கேயே குடியுரிமை வாங்கி, 67 வயதில் வேலையை விட்டார். வேட்டை என்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்னைத் திட்டி நாலு கடிதம் வரும். நம் நாட்டில் 1972-ஆம் வருடத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலைப் பிடித்தாலும் வழக்குதான். சின்ன வயதில் எங்கள் ஊரில் பொங்கல் கழிந்ததும் வலையைத் தூக்கிக்கொண்டு முயலுக்குக் கிளம்புவார்கள். அது முடிந்த கதை, முடிந்ததும் நல்லதுக்குத்தான். நிலக்கடலைக் காட்டை உழுதுபோடும் காட்டுப்பன்றிக்கே 2025 தொடக்கத்தில்தான் வழி பிறந்தது. அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால், வனத்துறை ஆட்கள் சுடலாம். தோட்டக்காரர் சுட முடியாது. அரிசோனாவில் லைசென்ஸ், பருவம், ஒரு நாளைக்கு இத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து வேட்டையை நடத்துகிறார்கள். மாப்பிள்ளை அந்தக் கணக்குக்குள் நின்றே வேட்டையாடுகிறவர்.

2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். சித்திரை வெயிலில் சினை ஊசி போடச் சுற்றியவன் நான், ஆனாலும் போனில் அதைக் கேட்டபோது தொண்டை வறண்டது. அந்த வருடமே "இந்த ஊர் போதும் மச்சான், மலைக்குப் போறேன்" என்று முடிவெடுத்துவிட்டார். அடுத்த வருடம் கார்த்திகையில் நான் போய் இறங்கியபோது சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை, முழுக்க வரைபடம். பென்சிலால் வட்டம் போட்டிருந்த முதல் ஊர் பைன்டாப். ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். சுற்றிலும் பைன் காடு, எல்க் என்கிற பெரிய மான் வீட்டு வாசலிலேயே நின்று புல் மேயும். கட்டுரையாளர் சொன்ன மாதிரி, பொழுதுபோக்கு இருக்கிற ஊர்.

ஆனால் வாசலில் நிற்கிற மானைச் சுட முடியாது என்பதுதான் விஷயம். எல்க்குக்குக் குலுக்கல். பிப்ரவரி தொடக்கத்துக்குள் மனுப் போட வேண்டும். விழாவிட்டால் ஒரு போனஸ் பாயின்ட். பாயின்ட் சேரச் சேர வாய்ப்பு கூடும். அனுமதிச் சீட்டில் 20 சதவீதத்தை அதிக பாயின்ட் உள்ளவர்களுக்கென்று தனியாகவும் ஒதுக்குகிறார்கள். நல்ல பகுதியில் கொம்புள்ள ஆண் எல்க்குக்குச் சீட்டு விழ ஒருவர் பத்துப் பதினைந்து வருடம் காத்திருப்பது அங்கே சர்வசாதாரணம். பைன்டாப்பில் வீடு இருக்கிறது என்பதற்காக ஒரு பாயின்ட்கூடச் சேர்த்துத் தர மாட்டார்கள். சாண்ட்லரில் இருப்பவருக்கும் அதே குலுக்கல்தான். விழுகிற வருடம் ஒரு வாரம் கூடாரம் போட்டால் வேலை முடிந்தது. அந்த ஒரு வாரத்துக்காக வருடம் முழுக்கப் பனி தள்ளுவானேன் என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குக் கோபம்.

சரி, போய்த்தான் பார்ப்போம் என்று கிளம்பினோம். குளோப் என்ற ஊரிலிருந்து சோ லோ என்ற ஊருக்குப் போகிற வழியில் சால்ட் ரிவர் பள்ளத்தாக்கு வரும். சாலை வளைந்து வளைந்து ஆற்றுக்கு இறங்கி, மறுபடி அதே மாதிரி ஏறுகிறது. நம் திம்பம் மலைப்பாதையின் 27 வளைவும் கண்முன் வந்தது. மாப்பிள்ளைக்கு நாலு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வைத்த டாக்டர் இருப்பது பீனிக்ஸ் பக்கம். மேலேயும் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஆனால் பழகின டாக்டரிடம் போக மூன்று மணி நேரம், அதுவும் பனி விழாத நாளில். பைன்டாப்பில் வீட்டைக் காட்டியவர் மாடிக்குக் கூட்டிப்போனார். பதினெட்டுப் படி. மாப்பிள்ளை மேலே போய்ச் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பது மாதிரி நின்றார். மூச்சிரைக்கிற மாட்டை எத்தனை பார்த்திருப்பேன். விலா எப்படி ஏறி இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் வாய் திறக்கவில்லை. தங்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் போல. இறங்கும்போது, "அஞ்சு நிமிசம் நின்னுட்டாருங்கண்ணா" என்றாள்.

போதாதற்குத் தீ. 2002-ல் அந்த வட்டாரத்தில் பிடித்த காட்டுத்தீ 4 லட்சத்து 60 ஆயிரம் ஏக்கருக்கு மேல் தின்றது. 2011-ல் பிடித்தது அதைவிடப் பெரியது, 5 லட்சத்து 38 ஆயிரம் ஏக்கர். வீட்டுக்குக் காப்பீடு கேட்டால் ஏஜென்ட் முதலில் விசாரிப்பது சுற்றியுள்ள மரத்தைத்தான்.

இரண்டாவது வட்டம் தென்கிழக்கில் வில்காக்ஸ் பக்கம். நாற்பது ஏக்கர், தனி வீடு, சொந்த போர். வீட்டுக்குப் பின்னாலேயே காடை, கொஞ்சம் தள்ளி மலையில் வெள்ளைவால் மான். விலையும் சல்லிசு. காங்கேயத்துக்காரனுக்கு நிலம் சல்லிசாகக் கிடைத்தால் முதலில் தண்ணீர் மேல்தான் சந்தேகம் வரும். அரிசோனாவில் 1980-ல் நிலத்தடி நீருக்குச் சட்டம் போட்டார்கள். பீனிக்ஸ், டூசான் மாதிரி கட்டுப்பாட்டுக்குள் வந்த வட்டாரத்தில் புதுக் குடியிருப்பு போட வேண்டுமென்றால் நூறு வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். வெளியே உள்ள கிராமப்புறத்தில் யார் ஆழமாகப் போட்டாரோ அவருக்குத் தண்ணீர். வில்காக்ஸ் படுகையில் பெரிய பண்ணைகள் ஆயிரம் அடிக்கு மேல் போர் இறக்கி இறைத்ததில் சின்ன வீட்டுக் கிணறுகள் வற்றிப்போயின. கட்டுப்பாடு வேண்டுமா என்று 2022 நவம்பரில் ஓட்டுக்கே விட்டார்கள். பக்கத்து டக்ளஸ் படுகை வேண்டும் என்றது, வில்காக்ஸ் வேண்டாம் என்றது. பிறகு அரசே தலையிட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டில் டேங்கர் லாரி நிற்பதை நான் காட்டினேன். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு அறுபது வருடம் குரல் கொடுத்து, 2024 ஆகஸ்டில்தான் தண்ணீரைக் கண்ட நாட்டிலிருந்து போனவர்களுக்கு டேங்கர் என்றால் என்னவென்று விளக்கவா வேண்டும்? மாப்பிள்ளை இறங்காமலே வண்டியைத் திருப்பினார்.

பிறகு நாய். வீட்டில் ஒரு பெண் நாய், காடை மோப்பத்துக்குப் பழக்கியது. நான் போன வாரமே முன்னங்கால் ஒன்றைத் தாங்கித் தாங்கி வைத்தது, விட்டு விட்டு இருமல். மூட்டு என்று நினைத்தேன். அங்குள்ள மருத்துவர் கேட்ட உடனே ரத்தம் எடுத்தார்: பள்ளத்தாக்குக் காய்ச்சல். அந்தப் பாலைவன மண்ணில் இருக்கிற பூஞ்சை. தூசி கிளம்பினால் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் உட்காரும், சிலதில் எலும்புக்கும் இறங்கும். மனிதர்களுக்கும் வரும். பீனிக்ஸ், டூசானைச் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களில்தான் அதிகம். மண்ணை முகர்ந்தே பிழைக்கிற நாய்க்கு அது வராமல் என்ன செய்யும்? முப்பத்தோரு வருட அனுபவத்தில் நான் பார்க்காத நோய். தினம் இரண்டு வேளை புளுகோனசோல் மாத்திரை, மாதக்கணக்கில். தங்கை வெண்ணெய்க்குள் பொதித்துக் கொடுப்பாள். அது வெண்ணெயை நக்கிவிட்டு மாத்திரையை மட்டும் என் செருப்பின் மேல் துப்பும்.

மார்கழியில் நாய் கொஞ்சம் தேறியதும் அரிசோனாவிலேயே உள்ள படகோனியா என்ற ஊர்ப் பக்கம் மலையடிவாரத்துக்குப் போனோம். எனக்குத் துப்பாக்கி கிடையாது, வேடிக்கைதான். ஓக் மரமும் முழங்கால் புல்லுமாக, நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தை மேடு பள்ளமாகக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. அங்கே மேர்ன்ஸ் காடை என்று ஒன்று. ஆணுக்கு முகம் கூத்துக்காரன் பூசியது போலக் கறுப்பும் வெள்ளையும். நாய் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பதுங்கியிருந்தும் பறக்காது, காலை எடுத்து வைத்தால்தான் வெடித்துக் கிளம்பும். அன்றைக்கு இரண்டு கிடைத்தது. ராத்திரி சுத்தம் செய்யும்போது ஒன்றின் இரைப்பையைக் கீறிப் பார்த்தேன், தொழில் புத்தி விடுமா? உள்ளே சின்னச் சின்னக் கிழங்கு, கறுப்புத் தோல். கழுவி விரலில் உருட்டிப் பார்த்தால் நம் கோரைக்கிழங்கின் சாதி! காலால் மண்ணைப் பறித்து அதைத்தான் தின்கிறது. அதன் நீண்ட நகத்துக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது.

இந்தக் காடைக்கு ஆடி ஆவணி மழை வேண்டும். பாலைவனச் சமவெளியில் இருக்கும் கொண்டைக் காடைக்கு, கேம்பெல்ஸ் என்பார்கள், குளிர்கால மழை வேண்டும். ஒரு மழை பொய்த்தாலும் மற்றது காப்பாற்றும். இரண்டுக்கும் குலுக்கல் கிடையாது, சாதாரண லைசென்ஸ் போதும், வருடா வருடம் போகலாம். "பதினைஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை வர்ற எல்க்குக்குப் பக்கத்துல குடியிருக்கறதா, தை மாசம் வரைக்கும் வாரம் ரெண்டு நாள் போற காடைக்குப் பக்கத்துல குடியிருக்கறதா?" என்று கேட்டேன். இந்த முறை கோபம் வரவில்லை.

கேட்டால் சிரிப்பீர்கள்: டூசானைச் சுற்றித் தன்னார்வலர்கள் கடப்பாறையோடு மலைச்சரிவில் ஒரு புல்லைத் தோண்டி எறிகிறார்கள். தீயைப் பரப்பி, பெரிய கள்ளிகளைக் கருக்குகிறதாம். கிட்டப்போய்க் கதிரை உருவிப் பார்த்தேன். நம் கொழுக்கட்டைப் புல்! காங்கேயம் மாட்டுக்கு அதைவிட்டால் மேய்ச்சல் ஏது என்று நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த புல்.

நடுவில் அவர்கள் மகள், நெவாடாவுக்கே வந்துவிடுங்கள், அங்கே மாநில வருமான வரி கிடையாது என்றாள். அரிசோனாவிலும் இப்போது இரண்டரை சதவீதம்தான். அதைவிட, அரிசோனாவில் 70 வயதாகி, தொடர்ந்து 25 வருடம் குடியிருந்தவருக்கு லைசென்ஸ் இலவசம். மாப்பிள்ளைக்கு இன்னும் மூன்று வருடம். மாநிலம் மாறினால் அது போச்சு, சேர்த்த பாயின்ட்டோடு வெளியூர்க்காரர் வரிசையில் நிற்க வேண்டும். அவர்களுக்கு அதிகபட்சம் 10 சதவீதம் சீட்டுதான். கலிபோர்னியாவிலிருந்து 64 வயதில் வந்த அவர் நண்பர், "எனக்கு 89-ல் இலவசம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

கடைசியில் சியரா விஸ்டாவில் வாங்கினார்கள். ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு, 4,600 அடி. ஆஸ்பத்திரி ஊருக்குள், டூசான் ஒன்றேகால் மணி நேரம், வீட்டில் குழாய்த் தண்ணீர், படி கிடையாது. காடைக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். "எனக்கு மான் எதுக்குங்கண்ணா, சாயங்காலம் நடக்க மட்டமா ஒரு ரோடு இருந்தாப் போதும்" என்று தங்கை முதல் நாளே சொல்லியிருந்தாள், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. எல்க்குக்கு மாப்பிள்ளை இப்போதும் மனுப் போடுகிறார்.

இவ்வளவும் எழுதக் காரணம் வேறு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் உங்கள் கட்டுரையை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். பறவை பார்ப்பதில் பைத்தியம். தாளவாடிக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகிறார். சர்க்கரை இருக்கிறது, வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி. அங்கே போகிற வழியான திம்பத்தில் ராத்திரி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதைக் கேட்டால், ஆம்புலன்ஸை விடுவார்கள் என்கிறார். ஆம்புலன்ஸ் முதலில் மேலே வர வேண்டுமே! ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் அந்த வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியை மட்டும் கிழித்து என்னிடம் கொடுத்துவைக்கச் சொன்னேன், தர மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
தாராபுரம்.